படிக்கட்டுப் பரிசோதனை

பிறவியிலேயே மூளை சரியாக உருவாகாத நாய்க்குட்டியைக் கண்டுபிடிக்க என்னிடம் இருப்பவற்றில் மிக நம்பகமான கருவி, கிளினிக் வாசலில் இருக்கும் சிமெந்துப் படிக்கட்டுதான். ஹந்தானையில் வீடு கட்டுகிறவர்கள் படிக்கட்டையும் சேர்த்தே கட்ட வேண்டும். சமதரை என்பது இங்கே மலையை வெட்டிக் காசு கொடுத்து வாங்குகிற பொருள். எங்கள் படிகளைக் கட்டிய மேசன் பாஸ் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உயரத்தில் விட்டுவிட்டுப் போனார். மனிதர்கள் தடுக்குகிறார்கள், வயதானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறி வருகிறார்கள். ஆனால் ஒரு குட்டியின் சிறுமூளை வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இடத்தை நான் காணவில்லை.

பரிசோதனை மேசையில் ஏற்றினால் எல்லாக் குட்டியும் நோயாளிதான். மேசையின் குளிருக்கும் டெட்டோல் வாடைக்கும் நடுங்கும், காலை அகற்றி வைத்து நிற்கும், கண்ணை உருட்டும். பயத்தின் நடுக்கத்தையும் நோயின் நடுக்கத்தையும் அங்கே வைத்துப் பிரிக்க முடியாது. தரையில் இறக்கிவிட்டால் பாதி நடுக்கம் போய்விடும். படியில் விட்டால் மீதி தெரியவரும். நல்ல குட்டி முதல் படியை முகர்ந்து பார்க்கும், அடுத்ததில் தயங்கும், அதற்கடுத்ததில் கணக்கைப் பிடித்துவிடும். சிறுமூளை வளராத குட்டிக்குக் கணக்கு பிடிபடவே பிடிபடாது. காலைத் தேவைக்கு மேல் உயர்த்தி, படிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து, தாடை சிமெந்தில் இடிக்க விழும். எழும்பி, அதே உற்சாகத்தோடு அதே பிழையைச் செய்யும். உடம்பில் பலம் குறைந்திருக்காது, வாலாட்டுவதும் குறைந்திருக்காது. அளவு மட்டும்தான் தெரியாது.

பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள லயம் ஒன்றிலிருந்து அப்படி இரண்டு குட்டிகளை உரச்சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். (அந்தத் தொழிற்சாலை 1925இல் கட்டப்பட்டது, இப்போது தேயிலை நூதனசாலை. வெளியூர்க்காரர்களுக்கு என் கிளினிக்குக்கு வழி சொல்ல அதைவிட வேறு அடையாளம் தேவைப்பட்டதில்லை.) வந்தவர்கள் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவும், பள்ளிக்கூடம் விட்டு உடுப்பு மாற்றாமலே ஓடிவந்த மகனும்.

“டொக்டரம்மா, இது ரெண்டும் சாராயம் குடிச்ச மாதிரியே நடக்குதுங்க. லயத்துல எல்லாரும் பார்த்துச் சிரிக்கிறாங்க” என்றான் பையன்.

லயத்தில் சிரித்தவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். நரம்பியல் பாடநூல்கள் பல வரிகளில் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தான். நான் குட்டிகளைத் தொடுவதற்கு முன்னால் பையனிடம் கேட்டேன்.

“எப்ப இருந்து இப்படி?”

“கண்ணு தெறந்து நடக்க ஆரம்பிச்சதுல இருந்தேங்க.”

“அதுக்குப் பிறகு கூடியிருக்கா?”

அம்மா யோசித்துச் சொன்னார்: “கூடலைங்க டொக்டரம்மா. அன்னைக்கு எப்படியோ இன்னைக்கும் அப்படித்தான். இப்பக் கொஞ்சம் பழகிக்கிச்சு.”

நோயை அந்த இடத்திலேயே அவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் செய்தது சரிபார்ப்பு மட்டும். நாய்க்குட்டி பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரமளவில் எழும்பி நடக்கும். முதல் அடியிலிருந்தே தள்ளாடி, அதற்குப் பிறகு கூடாமலும் குறையாமலும் நின்றால், அது கட்டும்போதே குறையாகக் கட்டப்பட்ட சிறுமூளை. முதலில் நன்றாக ஓடித் திரிந்து, மாதங்கள் போகப் போகத் தள்ளாட்டம் வந்து கூடிக்கொண்டே போனால் அது வேறு: சரியாகக் கட்டப்பட்ட உயிரணுக்கள் பிறகு அழிகின்றன. கெரி புளூ டெரியர், கோர்டன் செட்டர் போன்ற இனங்களில் அப்படிப் பரம்பரையாக வருவதுண்டு. இரண்டுக்கும் நடை ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது நாட்காட்டி.

பூனைகளில் இதன் காரணம் பெரும்பாலும் தெரிந்தது. கருவுற்ற தாய்க்குப் பான்லுகோபீனியா வைரஸ் தொற்றினால், வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களை அது தேடிப் போகும். அந்தக் கட்டத்தில் அப்படிப் பெருகிக்கொண்டிருப்பது குட்டியின் சிறுமூளை. நாய்களில் காரணத்தைக் கை காட்டிச் சொல்வது கடினம். யூரேசியர் என்ற இனத்தில் சிறுமூளையின் நடுப்பகுதி இல்லாமல் பிறப்பதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். லயத்து நாய்க்கு யார் மரபணு பார்ப்பது? ஒரே ஈத்தில் இரண்டு குட்டிகள் என்பதை மட்டும் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு நான் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. நாட்டில் மிருக வைத்தியப் பட்டப்படிப்பு இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான். மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் அங்கேதான் போய் நிற்போம். லீவு நாட்களில் பிள்ளைகள் இங்கே வந்து கூட நிற்பார்கள். கண்ணுக்கு முன்னால் கையைச் சட்டென்று கொண்டுபோனால் நாய் இமைக்க வேண்டும் என்று படித்திருப்பார்கள். எட்டு வாரக் குட்டிக்குக் கையைக் காட்டுவார்கள். அது சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். உடனே “குருடு மிஸ்” என்பார்கள், இல்லாவிட்டால் “சிறுமூளை மிஸ்” என்பார்கள். அந்த இமைப்பு பிறப்போடு வருவதில்லை, பழகி வருவது. பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு முன் அதை எதிர்பார்க்கக் கூடாது. அந்த வயதில் கண் தெரிகிறதா என்று பார்க்கப் பஞ்சுருண்டை ஒன்றைச் சத்தமில்லாமல் மேலிருந்து போட்டுவிட்டு, குட்டி அதைப் பின்தொடர்கிறதா என்று பார்த்தால் போதும்.

லயத்துக் குட்டிகளுக்கு மருந்து கொடுக்கவில்லை, மருந்து இல்லை. தோட்டத்துக் கானில் விழாமல் தட்டி கட்டச் சொன்னேன். பையன் மூங்கிலில் கட்டினான். சாப்பாட்டுக் கோப்பையைத் தரையில் வைக்காமல் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னேன். தலை உணவை நெருங்க நெருங்கத்தான் அந்த நடுக்கம் கூடும், மூக்கு கஞ்சிக்குள் போய்விடும். வருஷாவருஷம் விசர் ஊசி போட வந்தபோதெல்லாம் அவை படியில் விழுந்து எழும்பித்தான் வந்தன.

இந்தத் தொழிலில் “பிறவிக் குறை” என்பது எல்லாவற்றுக்கும் பிறகு எழுத வேண்டியது. முதலில் எழுதினால் தேடுவது நின்றுவிடும். எழுதப்பட்ட அட்டையோடு வரும் குட்டியை அடுத்த வைத்தியரும் அந்தக் கண்ணாலேயே பார்ப்பார். குணப்படுத்தக்கூடிய ஒன்று அந்த அட்டையின் கீழே ஒளிந்திருக்கலாம். அதனால் எனக்கு ஒரு வரிசை உண்டு.

கண்டியில் எந்த வயது நாயும் நடை தவறி, வாயில் நுரை தள்ளி வந்தால் முதலில் நினைக்க வேண்டியது விசர். “இது சின்னக் குட்டிதானே” என்பது பதில் அல்ல. ஆறு வாரக் குட்டியைக்கூட விசர் நாய் கடித்திருக்கலாம். கடித்ததை யாரும் பார்க்காமலும் இருக்கலாம். கையுறை போட்ட பிறகே தொடுவேன். குட்டியை யார் யார் தூக்கினார்கள், யாருடைய கையை நக்கியது, வீட்டில் சிறுபிள்ளைகள் உண்டா என்பதெல்லாம் அட்டையின் மேல்பகுதியில் எழுதப்படும். நாயைப் பற்றிய விபரம் அதற்குக் கீழேதான். சந்தேகம் இருந்தால் மனிதர்களை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்புவேன். குட்டி இறந்தால் தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இறக்காவிட்டால் நாட்களே தீர்ப்புச் சொல்லும்: அறிகுறி காட்டிய விசர் நாய் பத்து நாளைத் தாண்டுவதில்லை. மாதக்கணக்காக ஒரே மாதிரித் தள்ளாடும் குட்டியைப் பற்றி அந்தப் பயம் வேண்டாம். அயலவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். கல்லெறிவார்கள். ஒருமுறை வீட்டு மதிலில் ஒட்டுவதற்கென்றே சிங்களத்திலும் தமிழிலும் “இந்த நாய்க்கு விசர் இல்லை” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படிப்பில் இப்படி ஒரு சான்றிதழைப் பற்றிச் சொல்லித் தரவில்லை.

அடுத்தது சீனி. ஒரு கைக்குள் அடங்கும் பொமரேனியன், சிவாவா குட்டிகள் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே இரத்தச் சீனி இறங்கித் துவண்டு விழும், வலிப்பும் வரும். ஒரு சொட்டு இரத்தமும் ஒரு பட்டியும் போதும், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தொலைபேசியில் அழைப்பவர்களிடம் ஈறில் கித்துள் பாணி தடவிக்கொண்டே புறப்பட்டு வரச் சொல்வேன். வந்து சேரும்போது பல குட்டிகள் மடியில் விளையாடிக்கொண்டிருக்கும். கொண்டு வந்தவர்கள் வெட்கப்படுவார்கள். ஆனால் பாணிக்கு எழும்பிய குட்டி வாரந்தோறும் விழுந்தால் சீனி ஏன் நிற்கவில்லை என்று தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது ஈரலுக்குப் போய்ச் சேர்வதுண்டு. வேறோர் இடத்தில் பிறவி மூளைக் கோளாறு என்று எழுதிக் கொடுத்த மோல்டீஸ் குட்டி ஒன்று வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும், வட்டம் சுற்றும், எச்சில் ஒழுகும். வீட்டுக்காரப் பெண் ஒரு தாளில் நேரங்களை எழுதி வைத்திருந்தார், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து. அப்படி எழுதுகிற ஒருவர் கிடைப்பது அபூர்வம். தாளைப் பார்த்தால் எல்லாமே இறைச்சி சாப்பிட்டு ஓரிரு மணித்தியாலத்துக்குள். பிறவிக் குறை உண்மைதான், ஆனால் மூளையில் அல்ல: குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் போகாமல் பக்கத்தால் கடந்துபோகும் ஒரு நாளம். சுத்திகரிக்கப்படாத அமோனியா நேரே மூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணித்தியாலம் கழித்தும் பித்த அமிலம் பார்த்ததில் உறுதியாயிற்று. புரதத்தை மாற்றி லாக்டுலோஸ் கொடுத்த கிழமையே அது சுவரை விட்டுத் திரும்பியது.

பிறகு டிஸ்டெம்பர். ஊசி போடாத குட்டிகளில் இது இங்கே சாதாரணம். முதலில் சளி, பிறகு வயிற்றோட்டம், எல்லாம் ஆறிவிட்டது என்று வீட்டார் நினைக்கும்போது தசைத் துடிப்பு. அதைச் சிறுமூளை நடுக்கத்திலிருந்து பிரிக்க நான் செய்வது சுலபமானது: குட்டி தூங்கும்போது படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்வேன். சிறுமூளைக் குட்டி தூக்கத்தில் அசையாமல் கிடக்கும்; எதையாவது செய்யப் போகும்போதுதான் நடுக்கம். டிஸ்டெம்பரின் துடிப்பு தூக்கத்திலும் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கும். கைத்தொலைபேசியில் வீடியோ வந்தது எங்கள் தொழிலுக்குக் கிடைத்த பெரிய வரம் என்பேன். கிளினிக்கில் எந்த நாயும் வலிப்பை எடுத்துக் காட்டுவதில்லை.

மரக்கறித் தோட்டத்தில் பூச்சிக்கு அடிக்கும் எண்ணெய் மருந்துகளும் உண்டு. அவை மணிக்கணக்கில் வந்து மணிக்கணக்கில் தீர்த்துவிடும், பிறவிக் குறையோடு குழம்ப இடமில்லை.

இவற்றையெல்லாம் தாண்டி வந்த குட்டிகளில் கண்டியில் நான் அதிகம் பார்த்தது தலையில் நீர் கட்டியவற்றை. ஹைட்ரோசெபலஸ் என்று அட்டையில் எழுதுவோம். சிங்களக் குடும்பங்களிடம் “ஒளுவே வத்துர” என்றால் உடனே புரியும். மூளைக்குள் இருக்கும் அறைகளில் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாயில் சராசரியாக மணிக்கு 3 மில்லிலீற்றர் அளவு. ஊறிய நீர் மூளையின் ஒடுங்கிய வாய்க்கால் வழியாக வெளியேறி, இரத்தத்தில் உறிஞ்சப்பட வேண்டும். வழி ஒடுங்கினால் அறை விரியும். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாத வயதென்றால் தலையும் சேர்ந்து விரியும்.

இதை நாம் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிவதே நாய்களால்தான். 1913ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால்டிமோரில் வால்டர் டண்டி என்ற இளம் அறுவை வைத்தியரும் கென்னத் பிளாக்ஃபான் என்ற குழந்தை வைத்தியரும் நாய்களின் மூளையில் அந்த ஒடுங்கிய வாய்க்காலைப் பஞ்சால் அடைத்துப் பார்த்தார்கள். மேலே இருந்த அறைகள் வீங்கின. நீர் எங்கே ஊறுகிறது, எந்த வழியால் போகிறது என்ற பழைய வாதத்துக்கு அதில்தான் விடை கிடைத்தது. மனிதக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அந்த அறிவிலிருந்து வளர்ந்தது. 1956இல் ஜோன் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி தன் கைக்குழந்தைக்காக வடிவமைத்த வால்வு மனித உடலில் பொருத்தப்பட்டது. அந்த வகைக் குழாய்கள் இன்று சில நாடுகளில் நாய்களுக்கும் வைக்கப்படுகின்றன, மூளையிலிருந்து வயிற்றுக்கு. கடன் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம், வட்டியில்லாமல்.

பேராதனை வீதியில் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று நாலு மாதப் பொமரேனியன் குட்டியைக் கொண்டு வந்தது. நோய் என்று கொண்டு வரவில்லை. வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறது, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, கூடப் பிறந்தவற்றில் பாதி அளவுதான் வளர்ந்திருக்கிறது.

“டொக்டர், இதுக்குப் புத்தி குறைவா, இல்லாட்டி பிடிவாதமா? அடிக்கவும் மனசு வரேல்ல.”

கூடையிலிருந்து எடுக்கும்போதே தலை சொல்லிற்று. நெற்றி முன்னால் தள்ளி, உச்சி உருண்டு நின்றது. விற்றவர் அதை “அப்பிள் தலை” என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்கியிருந்தார். இரண்டு கண்களும் கீழும் வெளியுமாகப் பார்த்தன. மேலே வெள்ளை தெரிந்தது. டோர்ச் அடித்தால் பாவை சுருங்கியது, ஆனால் கதிரைக் காலில் நேரே போய் முட்டியது. கண்ணில் குறையில்லை, பார்த்ததை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் குறை. பிறகு விரலை உச்சியில் வைத்தேன். குழந்தை வளர்த்த எந்தத் தாய்க்கும் உச்சிக்குழி தெரியும். அந்தக் குடும்பத்துப் பாட்டியின் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். “ஐயோ, இது இன்னும் மூடேல்லையே” என்றார்.

உச்சிக்குழி மூடாதது எனக்கு ஒரு ஜன்னல். அல்ட்ராசவுண்ட் எலும்பைத் துளைத்துப் பார்க்காது, ஆனால் அந்த மெல்லிய தோலுக்கு மேல் ஜெல் தடவி முனையை வைத்தால் மூளை தெரியும். மயக்க மருந்து வேண்டாம். பாட்டியின் மடியிலேயே வைத்துப் பார்த்தோம். நீர் திரையில் கறுப்பாகத் தெரியும். இரண்டு பக்க அறைகளும் விரிந்து ஒன்றாகி, சுற்றியிருந்த மூளை ஒரு மெல்லிய விளிம்பாக ஒதுங்கியிருந்தது.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். அதே உச்சிக்குழி, அதே விரிந்த அறைகளோடு எத்தனையோ சிவாவாக்களும் பொமரேனியன்களும் எந்தக் குறையுமில்லாமல் வாழ்கின்றன. சிவாவாக்கள் பலவற்றில் அந்தக் குழி ஆயுளுக்கும் மூடுவதில்லை. மூளையறை பெரிதாக இருப்பது குட்டை மூக்கு, சிறிய உடல் இனங்களின் உடலமைப்பாகவே ஆகிவிட்டது. கறுப்பு இடம் பெரிது என்பதை மட்டும் வைத்து நோய் சொன்னால், நல்ல நாய்க்கு மருந்து கொடுப்போம். அதைவிட மோசம், நாளை வரும் வலிப்பு எதற்கும் இந்தப் படத்தையே காரணம் காட்டுவோம். அப்படி ஓர் “அப்பிள் தலை” நாய் வாந்தியும் நடுக்கமுமாக வந்தபோது ஸ்கேனில் அறைகள் விரிந்தே இருந்தன. உண்மையான காரணம் பக்கத்து வீட்டில் நத்தைக்குத் தூவிய மருந்து. படம் பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்ட கேள்வி அதற்குரியதல்ல. என்னைப் பொறுத்தவரை நடையும் கண்ணும் புத்தியும் ஒரே இடத்தைக் கை காட்ட வேண்டும். ஸ்கேன் அந்த இடத்தைத்தான் காட்டுகிறதா என்று பிறகு பார்க்க வேண்டும். வரிசை மாறக் கூடாது.

கடைக்காரர் வீட்டுக் குட்டிக்கு எல்லாம் ஒரே பக்கம் காட்டியது. பிரெட்னிசலோன் தொடங்கி, கிழமைக்குக் கிழமை குறைத்துக்கொண்டு வந்தோம்; நீர் ஊறுவதை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஒமிப்ரசோலும் பலர் கொடுக்கிறார்கள்; அதன் ஆதாரம் பலவீனம் என்பதால் நான் அதை நம்பியிருப்பதில்லை. குழாய் வைக்கும் சத்திரசிகிச்சை பற்றியும் சொன்னேன்: அடைபடலாம், கிருமி தொற்றலாம், பணம் கரையும். அவர்கள் வேண்டாம் என்றார்கள். குட்டி கண் தெரியாததை வீட்டுச் சுவர்களைப் பழகிக்கொண்டு சமாளித்தது. கதிரையை இடம் மாற்றாதீர்கள் என்பதே நான் கொடுத்த மருந்துகளில் மிகப் பயன்பட்டது என்று பாட்டி சொல்வார். பெரஹரா நாட்களில் டவுனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று என்னிடம் கேட்காமலே மகள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“எம்ஆர்ஐ எடுக்க ஏலாதா டொக்டர்?” என்பது இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. மூளையின் உருவக் குறையைக் கண்ணால் பார்க்க அதற்கு இணை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லண்டனிலிருந்து ஊரோடு வந்து தங்கிய ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலோடு ஒரு சீடியையும் கொண்டு வந்தது. நாய் நடக்கும்போது நின்று, ஒரு பக்கக் காலைத் தூக்கிக் கழுத்துப் பக்கம் காற்றில் சொறியும், கால் தோலில் படவே படாது. கழுத்துப் பட்டி போட்டால் அலறும். உண்ணி என்று நினைத்து இங்கே வந்தபின் யாரோ மருந்து குளிப்பாட்டியிருந்தார்கள். சீடியைத் திறந்தபோது பின் மண்டையில் இடம் போதாமல் சிறுமூளை கீழே துவாரத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றது. கழுத்துத் தண்டுவடத்துக்குள் நீர்ப்பை. 1891இல் ஹான்ஸ் கியாரி மனிதர்களில் விவரித்த குறையை ஒத்தது என்பதால் அவர் பெயரோடே சேர்த்து இதைச் சொல்கிறோம்.

அந்தப் படம் அழகானது. ஆனால் அதையும் நாயின் நடத்தையோடு வைத்தே வாசிக்க வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாத கவலியர்களை ஸ்கேன் செய்த ஓர் ஆய்வில், ஒரு வயதில் நாலில் ஒன்றுக்கும், ஆறு வயதுக்கு மேல் பத்தில் ஏழுக்கும் தண்டுவடத்தில் நீர்ப்பை இருந்தது. பிறவியில் அமைந்த நெருக்கடிதான், ஆனால் வயதோடு கூடுகிறது. லயத்துக் குட்டிகளிடம் கேட்ட “கூடுகிறதா” என்ற கேள்விக்கு இந்த இனம் வேறு பதில் சொல்கிறது. 2022 ஜனவரியில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம், கவலியரையும் இங்கிலிஷ் புல்டோக்கையும் இனவிருத்தி செய்வது நோர்வேயின் மிருகநலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் புல்டோக் தப்பியது, கவலியர் தப்பவில்லை. அந்தக் குடும்பத்தின் தலைவர் அதைக் கேட்டு, “நாயைப் பிடிச்சு உள்ள போடுவாங்களா?” என்று கேட்டார். கபாபென்டின் தொடங்கினோம், கழுத்துப் பட்டியைக் கழற்றி மார்புப் பட்டி மாட்டினோம். சொறிவது குறைந்தது.

வாசித்து மட்டும் அறிந்த குறை ஒன்று என்னை அடிக்கடி யோசிக்க வைக்கும். மினியேச்சர் ஷ்னாவுசர்களில் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நடுப்பகுதி சரியாக உருவாகாமல் பிறப்பதுண்டு. அவற்றில் சிலவற்றுக்குத் தாகமே எடுப்பதில்லை. தண்ணீர் பக்கத்தில் இருக்கும், உடம்பு காயும், இரத்தத்தில் சோடியம் ஏறும், நாய் கோப்பையைத் திரும்பியும் பாராது. சாப்பாட்டோடு அளந்து தண்ணீர் கலந்து கொடுத்தால் சமாளிக்கலாமாம். இனித் தண்ணீர் குடிக்காத குட்டி வந்தால் சிறுநீரகத்தை மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டேன்.

உயிரோடிருக்கும்போது முடிவு சொல்ல முடியாதவை சில. அவை இறந்தால் மூளையைப் பார்க்க அனுமதி கேட்பேன். கேட்பதற்கு நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். நாயைப் பலா மரத்தடியில் புதைக்க மண்வெட்டியோடு நிற்கிறவரிடம் போய்த் தலையைக் கேட்பது சுலபமான காரியமல்ல. சிலர் மறுப்பார்கள், அத்தோடு விட்டுவிடுவேன். ஒப்புக்கொண்டால், விசர் சந்தேகம் துளியளவு இருந்தாலும் மூளையை இங்கே தொடுவதில்லை, தலை அப்படியே ஐஸ் பெட்டிக்குப் போகும். 1903இல் இத்தாலியில் அடெல்கி நெக்ரி கண்ட அந்தச் சிறு புள்ளிகளை மைக்ரோஸ்கோப்பில் தேடியது ஒரு காலம், இப்போது ஒளிரும் சாயத்தில் பார்க்கிறார்கள். சந்தேகமே இல்லாதவற்றை மட்டும் ஃபோர்மலினில் போட்டு வைப்பேன். நாய்க்குட்டியின் மூளை புதிதாக இருக்கும்போது விரலோடு வந்துவிடும் அளவுக்கு மென்மை. கிழமைக்கு மேல் ஊறி இறுகிய பிறகுதான் குறுக்காக வெட்டி வரிசையாக அடுக்க முடியும். சிறுமூளை இருக்க வேண்டிய இடத்தில் கடலையளவு முடிச்சு ஒன்று மட்டும் இருந்த மூளையை ஒருமுறை வெட்டினேன். அந்த நாய் உயிரோடிருந்த காலத்தில், விழுந்து விழுந்தாவது, வீட்டுக் கேற் வரை போய்த் தபால்காரரைப் பார்த்துக் குரைத்து வந்திருக்கிறது. அந்த முடிச்சைப் பார்த்த பிறகு, படியில் விழும் குட்டியைக் கருணைக்கொலை செய்யச் சொல்லி அவசரப்படுகிறவர்களிடம் சில மாதம் பொறுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.

ஊர் நாய்களில் இந்தக் குறைகள் குறைவாக வருகின்றன என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. முலையைத் தேடிப் போக முடியாத குட்டி லயத்து விறகடுப்படியில் இரண்டு நாளில் போய்விடும், என் மேசைக்கு வராது. இருபத்தையாயிரம் ரூபாய்க்கு விலை பேசப்பட்ட பொமரேனியன் குட்டியைச் சொட்டுச் சொட்டாகப் பாலூட்டி உயிரோடு வைத்திருப்பார்கள். பிறகு அது வளர்ந்து, அதற்கும் ஜோடி தேடுவார்கள். குறை உள்ள குட்டியைக் காட்டிலும் அதன் தாய் தகப்பனைப் பற்றிப் பேசுவதில்தான் எனக்கு நேரம் அதிகம் போகிறது.

கடைக்காரர் குட்டியை விற்ற வீடு எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் தன் தாய் நாயைப் பல் சுத்தம் செய்யக் கொண்டு வந்தபோது கேட்டேன், ஆண் நாய் எங்கேயிருந்து என்று. ஒளிக்காமல் சொன்னார்: தாய் நாயின் அண்ணன், முந்திய ஈத்து. இந்த ஈத்தில் தலை பெருத்த இன்னொன்றும் இருந்ததாம், ஒரு கிழமையில் செத்துப்போயிற்றாம்.

“அடுத்த ஈத்துக்கு வேற ஆண் போடுறம் டொக்டர். ஒரே ஒரு ஈத்து மட்டும்.”

வேறு ஆணைப் போட்டாலும் தாய் கொண்டுவருவது மாறாது என்று சொன்னேன். ஒரு குட்டி செத்து, ஒன்று குருடாகி, மீதி மூன்றும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அவற்றின் குட்டிகளில் வரலாம் என்று தாளில் கோடு கீறிக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கருத்தடை சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கிழமை தாய் நாயை வெறும் வயிற்றோடு கொண்டு வந்து விட்டுப் போனார். அன்று பின்னேரமே தையலோடு திருப்பிக் கொடுத்தேன். அண்ணன்காரன் வேறு வீட்டு நாய். அது இப்போதும் கண்டியில் வீடு வீடாக வாடகைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.